பேசிய உரைகளும் பேச விடாத உரையும்

சென்ற ஆண்டு நமது சங்கத்தில் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பேச்சுப் போட்டி நடத்தினோம். தலைப்பு, 'பெண்ணுரிமைக்கு வழி திறந்த வரலாற்றுப் பேச்சுகள்'. நடுவர் நாற்காலியில் என்னையும் உட்கார வைத்துவிட்டார்கள். பதினான்கு பேர் பேசினார்கள். ஒன்பது பேர் அமெரிக்காவின் சோஜர்னர் ட்ரூத் அம்மையாரை எடுத்துக்கொண்டார்கள். அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற அந்தக் கறுப்பினப் பெண்மணி 1851-இல் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் நடந்த மகளிர் மாநாட்டில் பேசியதுதான் அவர்களுக்குப் பொருள். நான் ஒரு பெண் இல்லையா என்று திரும்பத் திரும்ப வரும் அந்தக் கேள்வியில் குரலை ஏற்றி இறக்கி, கையை நீட்டி, பிள்ளைகள் நன்றாகத்தான் செய்தார்கள். கைதட்டலும் கிடைத்தது. மீதி ஐந்து பேரில் ஒருவர் கூட, தான் பேசிக்கொண்டிருந்த மேடையிலிருந்து ஒரு பஸ் பிடித்தால் போய்ச் சேரக்கூடிய கட்டடத்தில் நம் நாட்டுப் பெண்கள் பேசிய பேச்சுகளைத் தொடவில்லை.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குக் கையில் கிடைப்பது அதுதான். ஆனால் அந்த ஒன்பது பேரும் சொன்ன உரையே அம்மையார் பேசியபடி வந்த உரை அல்ல என்பது ஒரு வேடிக்கை. மாநாடு நடந்த சில வாரங்களிலேயே, 1851 ஜூன் மாதத்தில், மேரியஸ் ராபின்சன் என்பவர் தம் பத்திரிகையில் அந்தப் பேச்சை வெளியிட்டார். அதில் அந்தப் பல்லவி கிடையாது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1863-இல், அந்த மாநாட்டுக்குத் தலைமை வகித்த ஃபிரான்சிஸ் கேஜ் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி நினைவிலிருந்து எழுதிய வடிவத்தில்தான் அது வருகிறது. கேஜ் எழுதியதில் அம்மையார் பதின்மூன்று பிள்ளைகளைப் பெற்றதாகச் சொல்கிறார். அவர் பெற்றது ஐந்து. தென்மாநிலத்துக் கொச்சையில் பேசுவதாக எழுதியிருக்கிறார். ஆனால் அம்மையார் வளர்ந்தது நியூயார்க் மாநிலத்தில், டச்சு மொழி பேசிய வீடுகளில். சிறு வயதில் அவருக்கு ஆங்கிலமே தெரியாது. உலகம் மெச்சும் உரை, பேசியவருடையது பாதி, எழுதியவருடையது பாதி என்று ஆகிவிட்டது.

நம் தில்லிப் பேச்சுகளுக்கு இந்தச் சங்கடம் இல்லை. அரசியல் நிர்ணய சபையில் சுருக்கெழுத்தாளர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் பதிவு செய்தார்கள். நாடாளுமன்றச் செயலகம் அதைத் தடித்த தொகுதிகளாக மறுபதிப்பும் செய்தது. நான் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்த காலத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலக நூலகத்தில் அவற்றைப் புரட்டத் தொடங்கினேன். அப்போது குடியிருந்ததோ சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில். அந்தப் பெயரைச் சொன்னால் மலிவுத் துணிக்கடைகள்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். சரோஜினி நாயுடு 1917 டிசம்பரில் சென்னைக்கு வந்து, மாண்டேகு துரையிடம் இந்தியப் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போன தூதுக்குழுவுக்குத் தலைமை வகித்தவர் என்பது அந்தக் கடைத்தெருவில் யாருக்கும் வேண்டாத சமாச்சாரம்.

அந்தச் சபையில் மொத்தம் பதினைந்து பெண்கள் இடம்பெற்றார்கள். அவர்களில் அம்மு சுவாமிநாதன், துர்காபாய், தாட்சாயணி வேலாயுதன் மூவரும் சென்னை மாகாணத்திலிருந்து வந்தவர்கள். இவர்களுடைய உரைகளில் பெரும்பாலானவை மேடைப் பேச்சுக்கு லாயக்கற்றவை. பட்டிமன்றத்துக்குப் பழகிய காதுக்கு இவற்றில் ருசி இருக்காது. ஆனால் இரண்டு உரைகளை நான் இருபது தடவையாவது படித்திருப்பேன். இரண்டோடும் எனக்குச் சண்டை உண்டு.

முதலாவது, 1946 டிசம்பர் 19-ஆம் தேதி ஹன்சா மேத்தா பேசியது. நேரு கொண்டுவந்த குறிக்கோள் தீர்மானத்தின் மீதான விவாதம். அம்மையார் தீர்மானத்தை வரவேற்றுவிட்டு, இந்நாட்டுச் சராசரிப் பெண் சட்டத்தாலும் வழக்கத்தாலும் நூற்றாண்டுக் கணக்கில் அனுபவித்து வரும் ஏற்றத்தாழ்வைச் சொல்கிறார். அதன்பிறகு வருகிறது பேச்சின் நடுத்தண்டு. தாம் சார்ந்த மகளிர் இயக்கம் ஒதுக்கீட்டு இடங்களையோ, பங்கு விகிதத்தையோ, தனித் தொகுதியையோ ஒருபோதும் கேட்டதில்லை. கேட்டது சமூக நீதி, பொருளாதார நீதி, அரசியல் நீதி. சமத்துவம் ஒன்றுதான் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே மரியாதையும் ஒத்துழைப்பும் உண்டாக அடிப்படை என்கிறார். மக்கள் தொகையில் பாதி பெண்கள், அவர்கள் துணையில்லாமல் ஆண்கள் வெகுதூரம் போக முடியாது என்ற எச்சரிக்கையும் உண்டு. நீளமான பேச்சு இல்லை. அலங்காரம் இல்லை. கணக்குப்பிள்ளை பேரேட்டை வாசிப்பது போல, இது வேண்டாம், இது வேண்டாம், இதுதான் வேண்டும் என்று போகிறது.

இந்த 'வேண்டாம்'களை இன்றைக்குப் படிப்பவர் இரண்டு விதமாகத் தப்பாகப் படிக்கலாம். என்ன தன்மானம் என்று உச்சிமேல் வைத்துக் கொள்ளலாம். அல்லது, மேல்தட்டுப் பெண்கள்தானே, அவர்களுக்கு எதற்கு ஒதுக்கீடு என்று தள்ளிவிடலாம். காலத்தை வைத்துப் பார்க்க வேண்டும். 1935-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்குச் சில இடங்களை ஒதுக்கியது. ஆனால் அதையும் மதவாரியாகப் பிரித்துக் கொடுத்தது. அகில இந்திய மாதர் மாநாட்டுக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு, வித்தியாசமில்லாமல், என்றுதான் அவர்கள் கேட்டு வந்தார்கள். ஹன்சா மேத்தா 1937 தேர்தலில் ஒதுக்கப்பட்ட இடத்தை மறுத்து, பொது இடத்தில் நின்று பம்பாய் மேல்சபைக்குப் போனவர். ஆகவே அவர் வாயில் 'வேண்டாம்' என்பது வெறும் சொல்லாக இல்லை. செய்து காட்டிவிட்டுச் சொன்னார்.

சொல்லில் அவருக்கு இருந்த கவனத்துக்கு இன்னொரு சாட்சி உண்டு. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனம் 1948 டிசம்பர் 10-இல் நிறைவேறியது. அதன் முதல் பிரிவின் வரைவில் 'ஆண்' என்றும் 'மனிதன்' என்றும் ஒரே சொல்லால் பொருள்படும் ஆங்கில வழக்கு இருந்தது. அதை மாற்றி, மனிதப் பிறவிகள் அனைவரும் என்று வரும்படி செய்ய வாதாடியவர் இவரே. நம் தமிழில் 'மாந்தர்', 'மக்கள்' என்று இருபாலையும் அணைக்கும் சொற்கள் நெடுங்காலமாக இருக்கின்றன. அதில் நமக்குப் பெருமைதான். ஆனாலும் கூட்ட அழைப்பிதழில் 'குடும்பத்துடன் வருக' என்று ஆண்களுக்கு மட்டும் அச்சடிக்கிறோம். சொல் இருந்தால் மட்டும் போதாது போல.

இரண்டாவது உரை, 1947 ஜூலை 18-இல் ரேணுகா ராய் பேசியது. வங்கத்துப் பெண்மணி. இவர் ஹன்சா மேத்தாவை விடச் சூடு. பெண்களுக்கு இட ஒதுக்கீடு என்பது அவர்கள் வளர்ச்சிக்குத் தடை, அவர்கள் அறிவுக்கும் திறமைக்கும் அவமதிப்பு என்று அடித்துப் பேசினார். இதைத்தான் பிற்காலத்தில் பலரும் எடுத்து ஆண்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதையடுத்து அவர் சொல்லும் காரணம். பெண்களுக்கென்று சில இடங்களை ஒதுக்கிவிட்டால், எவ்வளவு தகுதி இருந்தாலும் பொது இடங்களுக்கு அவர்கள் பெயரை யாரும் யோசிக்க மாட்டார்கள் என்றார். இது உணர்ச்சிப் பேச்சு அல்ல, கட்சி ஆபீஸ் எப்படி வேலை செய்யும் என்று தெரிந்தவரின் பேச்சு. ஒதுக்கியாச்சே, அங்கே போய் நில்லுங்கம்மா என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பயம் நியாயமானது.

ஆனால் வாதத்தின் மறுபாதி விழுந்துவிட்டது. ஒதுக்கீடு இல்லாவிட்டால் பொது இடங்களுக்குத் தகுதி பார்த்துப் பெண்களை அழைப்பார்கள் என்று அந்த உரை நம்புகிறது. சுதந்திரப் போராட்டத்தில் தோளோடு தோள் நின்ற தலைவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை நம்பாமல் யாரை நம்புவது? அந்த நம்பிக்கை எந்த அளவு பலித்தது என்பதற்கு ஒரு கணக்குப் போதும். 2024-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட 543 பேரில் பெண்கள் 74. எழுபத்தேழு வருஷம் கழித்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரேணுகா ராய் முதன்முதல் தில்லி சட்டசபைக்குள் எப்படி வந்தார்? 1943-இல், வாரிசுரிமை மசோதா மத்திய சட்டசபைக்கு வந்தபோது, பெண்கள் தரப்பைப் பேசுவதற்கென்றே நியமன உறுப்பினராக வந்தார். அதற்கு முன்பே, 1934-இல், இந்தியப் பெண்களின் சட்டக் குறைபாடுகளைப் பற்றி ஒரு விசாரணைக் கமிஷன் வேண்டும் என்று சிறு நூல் எழுதியவர். அந்த நாற்காலிக்கு அவரை விடத் தகுதியானவர் இல்லை. ஆனால் நாற்காலி பெண் என்பதால் போடப்பட்ட நாற்காலி. அதில் உட்கார்ந்து பேசியதால்தான் பெண்ணின் சொத்துரிமை அந்தச் சபையில் ஒரு பெண்ணின் குரலில் ஒலித்தது.

சென்னையிலும் இதே கதைதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்துக்கு வந்தது நியமனத்தில். வந்த இடத்தில் 1927-இல் துணைத் தலைவரானார். அதே ஆண்டு நவம்பரில் தேவதாசி முறையை ஒழிக்கக் கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். எதிர்ப்பு பலமாக இருந்தது. தேசபக்தியில் யாருக்கும் குறையாத சத்தியமூர்த்தியும் எதிர்த்தவர்களில் ஒருவர். முழுமையான தடைச்சட்டம் வர 1947 ஆயிற்று. இருபது வருஷம். கொடுக்கப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்ததால் முத்துலட்சுமி அம்மையாரின் அறிவுக்கு இழுக்கு வந்ததாக யாரும் சொல்ல முடியாது. நியமனம் வேறு, ஒதுக்கீடு வேறு என்று சட்டம் படித்தவர்கள் என்னைத் திருத்தலாம். வேறுதான். ஆனாலும் 'பெண் என்பதற்காக ஒரு இடம்' என்பது இரண்டுக்கும் பொது. அந்த இடம் இல்லாமல் போயிருந்தால் நாம் இன்று புகழும் உரைகளில் பாதி அச்சேறியிருக்காது.

ஹன்சா மேத்தா பேசிய அதே நாளில் தாட்சாயணி வேலாயுதனும் பேசினார். முப்பத்து நான்கு வயது. கொச்சியில் பிறந்தவர். அந்தச் சபையில் இருந்த ஒரே தலித் பெண். இவர் பேச்சில் 'பெண்கள்' என்ற கோரிக்கையே இல்லை. பண்டை லிச்சவிக் குடியரசில் ஒவ்வொரு குடிமகனையும் ராஜா என்றே அழைத்தார்கள் என்று எடுத்துக்காட்டிவிட்டு, தாழ்த்தப்பட்டோருக்கு வேண்டியது என்ன என்பதற்குப் போகிறார். அவரும் தனித் தொகுதியை எதிர்ப்பவர்தான். ஆனால் எதிர்ப்பின் மணம் வேறு. ஹன்சா மேத்தா 'நாங்கள்' என்று சொல்லும்போது இந்தியப் பெண்கள் அனைவரையும் சேர்த்துச் சொல்கிறார். அதே நாளில் அதே சபையில் பேசும் ஒரு பெண், தான் முதலில் எந்த 'நாங்க'ளைச் சேர்ந்தவர் என்பதை வேறு இடத்திலிருந்து தொடங்குகிறார். 1948 நவம்பர் 29-இல் தீண்டாமை ஒழிப்புப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோதும் அப்படியே. நமது மலர்க் கட்டுரைகளில் 'பெண்கள்' என்று ஒரே மூச்சில் எழுதுகிறோமே, அந்தப் பழக்கத்தை இந்த இரண்டு உரைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்த பிறகு நான் கொஞ்சம் குறைத்துக் கொண்டேன்.

வாதத்தில் முதல் விரிசல் அந்தப் பதினைந்து பேருக்குள்ளிருந்தே வந்தது. சரோஜினி நாயுடு 1947-இல் கவர்னராகப் போய்விட்டார். விஜயலட்சுமி பண்டிட் மாஸ்கோவுக்குத் தூதராகப் போனார். வேறு சிலரும் விலகினார்கள். காலியான இடங்களில் ஆண்கள் வந்து உட்கார்ந்தார்கள். 1949-இல், பெண் உறுப்பினர்கள் விட்டுப்போன இடங்களைப் பெண்களைக் கொண்டே நிரப்ப வேண்டும் என்று பூர்ணிமா பானர்ஜி கேட்டார். ஒதுக்கீடு கேட்பதாக நினைக்க வேண்டாம் என்ற தயக்கத்தோடுதான் கேட்டார். தயக்கம் புரிகிறது. இரண்டு வருஷத்துக்கு முன் தோழிகள் அத்தனை உறுதியாக வேண்டாம் என்று சொன்னதற்குப் பிறகு, கண்ணெதிரே எண்ணிக்கை கரைவதைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கேட்பது? பெரிய உரை அல்ல அது. எந்தத் தொகுப்பிலும் சேர்க்க மாட்டார்கள். எனக்கு ஹன்சா மேத்தாவின் உரைக்குச் சமமாக அது நிற்கிறது.

அம்மு சுவாமிநாதனின் உரை எல்லாருக்கும் பிடித்துப்போகும். 1949 நவம்பர் 24. சாசனம் முடியும் தறுவாய். பாலக்காட்டுப் பக்கத்து ஆனக்கரை வீட்டில் பிறந்து, சென்னை வக்கீல் ஒருவரை மணந்தவர். கேப்டன் லட்சுமியின் தாயார். சாசனம் என்றால் சட்டைப் பையிலோ கைப்பையிலோ எடுத்துப் போகிற மாதிரிச் சின்னப் புத்தகமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இது இப்படிப் பெரிதாகப் போய்விட்டதே என்று அங்கலாய்க்கிறார். நம் வீட்டு அத்தை பேசுவது போலவே இருக்கும். அதே உரையில்தான், இந்தியா தன் பெண்களுக்குச் சம உரிமை தரவில்லை என்று வெளியார் சொல்லி வந்தார்கள், இந்தியர்கள் தாங்களே சாசனம் எழுதியபோது மற்றக் குடிமக்களோடு சமமான உரிமையைப் பெண்களுக்குத் தந்துவிட்டார்கள் என்று இனி நாம் சொல்லலாம் என்கிறார்.

இந்த இடத்தில்தான் நான் பென்சிலால் கோடு போட்டு ஓரத்தில் ஒரு கேள்விக்குறி வைத்தேன். ஓட்டுரிமை வந்தது, உண்மை. ஆணென்றும் பெண்ணென்றும் வேற்றுமை காட்டலாகாது என்று சாசனத்தில் ஏறியது, உண்மை. ஆனால் அவர் அப்படிப் பேசிய அன்று, வீட்டுக்குள் ஒரு இந்துப் பெண்ணுக்கு அப்பா சொத்தில் மகனோடு சமமான பங்கு சட்டத்தில் கிடையாது. கணவன் சொத்து விதவைக்கு வந்தாலும், அனுபவிக்கலாம், தன் இஷ்டத்துக்கு விற்க முடியாது. அதை மாற்ற வேண்டிய மசோதா அதே கட்டடத்தில் இழுபறியில் கிடந்தது. அடுத்த மாதமே, 1949 டிசம்பரில், அதை எதிர்த்து ராம்லீலா மைதானத்தில் கூட்டம் போட்டார்கள்.

அதுதான் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா. பி.என். ராவ் குழு 1941-லிருந்து தொடங்கி வரைந்தது. 1948 ஏப்ரல் 9-இல் டாக்டர் அம்பேத்கர் அதைப் பொறுக்குக் குழுவுக்கு அனுப்பும் தீர்மானத்தோடு பேசினார். பெண்ணுரிமை வரலாற்றில் இவ்வளவு பெரிய விஷயத்தை இவ்வளவு உப்புச் சப்பில்லாமல் யாரும் பேசியிருக்க மாட்டார்கள்! மிதாட்சரம் என்ன சொல்கிறது, தாயபாகம் என்ன சொல்கிறது, மருமக்கத்தாயம் எங்கே நிற்கிறது, விதவை, மகள், இறந்துபோன மகனின் விதவை ஆகியோரை மகனோடு ஒரே வரிசையில் வைப்பது எப்படி என்று பத்தி பத்தியாகப் போகிறார். பாடம் நடத்துகிற மாதிரி. எனக்கு முதலில் அலுப்புத் தட்டியது. பிறகுதான் புரிந்தது, அந்த வறட்சி ஒரு தந்திரம். சபையில் இருந்த பழைமைவாதிகளிடம், நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, உங்கள் சாஸ்திரங்களில் அங்கங்கே கிடப்பதைச் சேர்த்து அடுக்குகிறேன் என்று காட்டுகிறார். மகளுக்கு அரைப் பங்கு என்றிருந்த வரைவைப் பொறுக்குக் குழு முழுப் பங்காக்கியது. அதன்பிறகு எதிர்ப்பு கூடியது.

எதிர்ப்பாளர்களின் வாதங்களைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிலம் துண்டு துண்டாகும், கூட்டுக் குடும்பம் சிதறும் என்பதெல்லாம் எதிர்பார்த்ததுதான். அதோடு இன்னொன்று: மகளுக்குப் பங்கு கொடுத்தால் அண்ணன் தங்கை பாசம் அறுந்து போகும். இதே வாக்கியத்தை நான் கேட்டிருக்கிறேன். சபையில் அல்ல, எங்கள் வீட்டுக் கூடத்தில்.

1983-இல் என் தகப்பனார் காலமானார். மாயவரத்தில் அவர் ஓய்வூதியப் பணத்தில் கட்டிய வீடு. உயில் எழுதவில்லை. அம்மா, அண்ணா, நான், தங்கை என்று நான்கு வாரிசுகள். மறுவருஷம் விடுமுறைக்குப் போனபோது மாமா ஒருவர் வந்து உட்கார்ந்து, கல்யாணத்துக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாச்சு, இனிமே அண்ணன் தங்கச்சிக்குள்ள பாகம் அது இதுன்னு வந்தா பாசம் போயிடும்டா என்றார். தங்கை ஒன்றும் பேசவில்லை. ரிஜிஸ்டர் ஆபீசில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். தன் பங்குக்கு ஈடாகச் சீரும் நகையும் பெற்றுக்கொண்டதாக அதில் எழுதியிருந்தது. நானும் பக்கத்தில் நின்றேன். தில்லி திரும்ப ஜி.டி. எக்ஸ்பிரஸ் பிடிக்கும் அவசரத்தில் இருந்தேன் என்று சொன்னால் அது சாக்கு. அது எங்கள் அப்பா தாமே சம்பாதித்த சொத்து. 1956 சட்டப்படி நால்வருக்கும் சமபங்கு, தங்கைக்கும் கால் பங்கு உண்டு என்று எனக்குத் தெரியும்.

மசோதாவுக்கு வருவோம். 1951 செப்டம்பரில் விவாதம் நடந்தது. நான்கே பிரிவுகள் தேறிய நிலையில் அரசு அதைக் கைவிட்டது. செப்டம்பர் 27-இல் அம்பேத்கர் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். அக்டோபர் 10-ஆம் தேதி சபையில் காரணத்தை வாசிக்க வந்தார். உரையின் பிரதியை முன்கூட்டியே தந்தால்தான் வாசிக்கலாம் என்றார் துணை சபாநாயகர். அம்பேத்கர் எழுந்து வெளியே போய்விட்டார். உரையைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார்.

ஆக, என் கணக்கில் இந்திய நாடாளுமன்றத்தில் பெண் சமத்துவத்துக்காக எழுதப்பட்ட ஆகப் பெரிய உரை, அந்தச் சபையில் பேசப்படாத உரை. அதில் வெளியுறவு, காஷ்மீர், பட்டியல் சாதியினர் நிலை என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இந்துச் சட்டம் வரும் பகுதியில் மொழியே மாறிவிடுகிறது. வர்க்கத்துக்கும் வர்க்கத்துக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வுதான் இந்த சமுதாயத்தின் உயிர், அதைத் தொடாமல் பொருளாதாரச் சட்டங்களை மட்டும் இயற்றிக்கொண்டே போவது சாணிக் குவியல் மேல் அரண்மனை கட்டுவது என்கிறார். 1948-இல் பாடம் நடத்தியவர் 1951-இல் இப்படிப் பேசுகிறார். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். பின்னதை மட்டும் மேற்கோளாகப் பிய்த்து எடுத்தால் கோபம் மட்டும் கிடைக்கும். முன்னதைப் படித்தவருக்கு, எத்தனை பொறுமை தீர்ந்து அந்தக் கோபம் வந்தது என்று தெரியும்.

பிறகு நேரு அதைத் துண்டு துண்டாக நிறைவேற்றினார். 1955-இல் திருமணச் சட்டம். 1956-இல் வாரிசுரிமை, தத்து, காப்பாளர் சட்டங்கள். ஆனால் அம்பேத்கர் எடுத்துவிட நினைத்த பிறப்புவழிக் கூட்டுக் குடும்ப உரிமை மகன்களுக்கு அப்படியே நின்றது. 23-ஆம் பிரிவு என்று ஒன்றையும் சேர்த்தார்கள். குடும்பத்தார் குடியிருக்கும் வீட்டைப் பங்கு பிரிக்கும்படி மகள் கேட்க முடியாது, ஆண் வாரிசுகள் பிரிக்க முடிவு செய்கிறவரை அவள் காத்திருக்க வேண்டும். பங்கு உண்டு, கேட்கும் வாய் கிடையாது. தமிழ்நாட்டில் 1989-இல் மகளையும் கூட்டுக் குடும்பப் பங்காளி ஆக்கினார்கள். அதற்கு முன் மணமானவர்களுக்கு அது இல்லை. 2005-இல் நாடு முழுமைக்கும் வந்தது, 23-ஆம் பிரிவும் ஒழிந்தது. அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. வேண்டியதில்லை, பிறப்பாலேயே உரிமை என்றது. ஹன்சா மேத்தா பேசிய நாளிலிருந்து எண்ணினால் எழுபத்து நான்கு ஆண்டு ஆகிறது.

ஒதுக்கீட்டு விஷயத்திலும் சக்கரம் சுற்றியது. 1974-இல் வந்த பெண்கள் நிலை பற்றிய குழுவின் அறிக்கை, சட்டமன்ற ஒதுக்கீடு வேண்டாம் என்ற பழைய பாட்டையே பெரும்பான்மையாகப் பாடியது. லோதிகா சர்க்காரும் வீணா மஜும்தாரும் மாற்றுக் குறிப்பு எழுதினார்கள். சமத்துவம் எழுத்தில் இருந்தும் இடம் கிடைக்கவில்லை என்பதைக் கண்ட பிறகு தங்கள் கருத்தை மாற்றிக்கொண்டவர்களின் குறிப்பு அது. மாற்றிக்கொண்டேன் என்று அச்சில் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? 1992-இல் இயற்றிய திருத்தங்களால் உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கு வந்தது. நாடாளுமன்றத்துக்கான மசோதா 1996-இல் தொடங்கி, 2010-இல் மேல்சபையில் தேறி, மறுபடி தூங்கி, 2023 செப்டம்பரில் நிறைவேறியது. நிறைவேறியபோதே, மக்கள் தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகு என்று ஒரு பூட்டுப் போட்டுத்தான் நிறைவேற்றினார்கள்.

ரேணுகா ராய் அம்மையாரின் உரையை எதிர்ப்பாளர்கள் இத்தனை வருஷமாக வசதியாக எடுத்தாண்டதைப் பார்க்கும்போது எனக்கு அவர் மீது வருத்தம் வருவதில்லை. ஒரு பேச்சைப் பேசிய நாளிலிருந்து கழற்றி எடுத்தால் அது யார் கைக்கும் ஆயுதமாகும். அவர் 1943-இல் சொத்துரிமைக்காகப் பேசியதைத் தொடாமல், 1947-இல் ஒதுக்கீடு வேண்டாம் என்றதை மட்டும் எடுத்துச் சொல்கிறவர் அவரைப் புகழவில்லை.

அடுத்த ஆண்டுப் போட்டிக்கு நான் குழுவிடம் ஒரு யோசனை கொடுத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு 1946 டிசம்பர் 19-ஆம் தேதிப் பேச்சு இரண்டையும், பூர்ணிமா பானர்ஜியின் சின்னப் பேச்சையும் தமிழில் பெயர்த்துக் கையில் கொடுத்துவிடலாம். மனப்பாடம் வேண்டாம், எங்கே ஒத்துப்போகிறீர்கள், எங்கே மாட்டீர்கள் என்று பேசட்டும். கைதட்டல் கொஞ்சம் குறையும். பரவாயில்லை என்று செயலாளர் சொல்லியிருக்கிறார்.

இந்தக் கட்டுரைக்காக ரேணுகா ராயின் உரையைத் தமிழாக்கிக்கொண்டிருந்தபோது தங்கைக்குப் போன் செய்தேன். திருச்சியில் பேரப் பிள்ளைகளோடு இருக்கிறாள். ஒரு பக்கம் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"நல்லா பேசியிருக்காங்க. இதெல்லாம் ஏன் அண்ணா எனக்கு வாசிச்சுக் காட்டற?" என்றாள்.

நான் 1984-ஐச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. பின்னால் குழந்தைகள் சத்தம் மட்டும் கேட்டது.

"அந்தப் பத்திரம் இன்னும் உன்கிட்டதான் இருக்கா?"

"இருக்கு" என்றேன்.

"ஒரு காப்பி எடுத்து அனுப்பு. நான் அன்னைக்கு அதை வாசிக்கவே இல்லை."

மறுநாள் காலை முனிர்க்காவில் ஜெராக்ஸ் எடுத்து ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன்.